நெரிசலும் நெருக்கமும்



நகரம் பெருத்தால் நெரிசல் உண்டாகும், நெரிசல் உண்டானால் நோய் பெருகும், ஆகையால் மக்கள் நல்வாழ்வு பெற வேண்டுமாயின் நகரங்களைக் கலைத்து நாட்டுப்புறமெங்கும் பரப்பிவிட வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரமைப்பு அறிஞர் பலர் கொண்டிருந்த கருத்து. 1898ஆம் ஆண்டில் எபனேசர் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர் இக்கருத்துக்கு ஓர் உருவமும் கொடுத்தார். 6,000 ஏக்கர் நிலம். அதன் நடுவில் 1,000 ஏக்கரில் ஓர் ஊர். ஊரும் சுற்றுப்புறமும் சேர்த்து 32,000 மக்கள். சுற்றிலும் வயலும் தோப்பும். இதற்குத் தோட்ட நகரம் என்று அவர் பெயரிட்டார். லண்டன் மாநகரின் நிலக்கரிப் புகையையும் அங்கே ஏழைகள் குடியிருந்த சந்துகளையும் கண்ணால் கண்ட ஒருவருக்கு அத்தகைய எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. அவருடைய நோக்கத்தையும் நான் குறை கூற வரவில்லை. ஆனால் நிலம் தாராளமாக உள்ள நாட்டுக்கு ஏற்ற அந்த மருந்து, ஆங்கிலேயர் ஆண்ட தேசங்களுக்கெல்லாம் கப்பலேறிச் சென்றது. நிலமே இல்லாத ஒரு தீவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அந்தத் தீவு சிங்கப்பூர். அங்கே அம்மருந்து ஏன் செல்லவில்லை, அதற்கு மாறாக அத்தீவினர் எவ்வழியை மேற்கொண்டனர், அதனால் பெற்றது யாது, இழந்தது யாது என்பதே என் இன்றைய பேச்சு.

சிங்கப்பூரைப் பற்றித் தமிழர் பேசுவது புதிதன்று. 1819இல் ராஃபிள்ஸ் துரை இரண்டாம் முறையாக அத்தீவுக்குச் சென்றபோது, பினாங்கிலிருந்து அவருடன் கப்பலேறிச் சென்றவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். அவர் அங்கே செங்கல் சூளை வைத்தார், கட்டட ஒப்பந்தக்காரரானார், சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்று நாம் காணும் மாரியம்மன் கோயில் எழுந்ததும் அவர் முயற்சியாலேயே. ஆகவே அந்நகரத்தின் முதற் கற்களில் சில தமிழனுடைய சூளையிலிருந்து வந்தவை என்று கொள்வதில் தவறில்லை. ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. தெருவை நோக்கிய ஒவ்வொரு வீடும் தன் முன்புறத்தில் குறிப்பிட்ட அகலத்துக்குக் கூரையிட்ட நடைபாதை ஒன்றை விட வேண்டும் என்பது அது. வெயிலிலும் மழையிலும் நனையாமல் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து செல்லலாம். அந்நாட்டுத் தமிழர் இன்றும் அதனை 'அஞ்சடி' என்றே வழங்குகின்றனர்.

அஞ்சடிக்குப் பின்னால் இருந்தவை கடைவீடுகள். முன்புறம் அகலம் குறைவு. உள்ளே நீளம் மிகுதி. கீழே கடை, மேலே குடியிருப்பு. இரண்டு மாடி, மிஞ்சினால் மூன்று மாடி. தெருவில் நின்று பார்ப்பவனுக்கு அது அமைதியான தாழ்ந்த ஊராகவே தோன்றும். உள்ளே சென்றவனுக்கு உண்மை விளங்கும். சீனத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் ஜாவாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் பெருகப் பெருக, மேல்மாடிகளைப் பலகைகளால் தடுத்து, கூண்டு கூண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கூண்டையும் ஒரு குடும்பத்துக்கோ பல கூலியாட்களுக்கோ வாடகைக்கு விட்டனர். நடுவில் அமைந்த கூண்டுகளுக்குச் சாளரமே இல்லை. காற்றும் இல்லை, பகல் வெளிச்சமும் இல்லை. 1907ஆம் ஆண்டில் பேராசிரியர் சிம்சன் என்னும் மருத்துவர் அந்நகரின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். காசநோயின் இருப்பிடம் அந்த இருட்டறைகளே என்று கண்ட அவர், வீடுகளின் முதுகுப்புறத்தில் சந்துகள் வெட்டிக் காற்றை உள்ளே விடுமாறு பரிந்துரைத்தார். வீட்டின் உள்வழியாகவே கழிவு வாளிகளைச் சுமந்து செல்லும் வழக்கமும் அதனால் ஒழியும் என்பது அவர் எண்ணம்.

பரிந்துரைத்தது 1907இல். அதனை நிறைவேற்றுவதற்கென இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு ஏற்பட்டது 1927இல். இருபது ஆண்டுத் தாமதம் சர்க்கார் கணக்கில் பெரிதல்ல போலும்! தியோங் பாருவில் அவர்கள் 1936ஆம் ஆண்டு முதல் கட்டிய வீடுகள் அழகானவை. இன்றும் உறுதியாக நிற்கின்றன. எனினும் 32 ஆண்டுகளில் அந்த டிரஸ்ட் கட்டி முடித்த வீடுகள் ஏறத்தாழ 23,000 மட்டுமே. இதே காலத்தில் மக்கள்தொகை என்ன ஆயிற்று? 1947ஆம் ஆண்டுக் கணக்கில் 9,38,000. 1957இல் 14,45,000. பத்தே ஆண்டுகளில் ஐந்து லட்சம் பேர் மிகுந்தனர். 1954ஆம் ஆண்டு வாக்கில் பாரிங்டன் கே என்னும் சமூகவியலார் சைனா டவுனில் அப்பர் நான்கிங் தெரு என்ற ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த குடும்பங்களை வீடு வீடாக ஆராய்ந்தார். சிம்சன் கண்ட கூண்டுகள் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அங்கே இருந்தன. ஒரு கூண்டே பெரும்பாலான குடும்பங்களுக்கு வீடு.

ஊருக்குள் இடம் கிடைக்காதவர்கள் ஊரைச் சுற்றிச் சதுப்பிலும் மேட்டிலும் அத்தாப்பு ஓலை வேய்ந்த பலகை வீடுகளைக் கட்டிக் குடியேறினர். மலாய் மொழியில் கம்போங் எனப்படும் இக்குடியிருப்புகளை அங்குள்ள தமிழர் 'கம்பம்' என்பர். அங்கே காற்று இருந்தது, மண் இருந்தது, கோழியும் பன்றியும் காய்கறிப் பாத்தியும் இருந்தன. குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் பெரும்பாலும் இல்லை. தீயணைப்பு வண்டி நுழைவதற்கு வழியும் இல்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓர் அறைக்குள் எத்தனை பேர் அடைந்து கிடக்கின்றனர் என்பது ஒரு கணக்கு. ஓர் ஏக்கர் நிலத்தில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பது வேறொரு கணக்கு. முன்னதை நெரிசல் என்றும் பின்னதை நெருக்கம் என்றும் நான் இப்பேச்சில் வழங்குகிறேன். நான்கிங் தெருவில் மக்களைக் கொன்றது முன்னது. ஆனால் ஹோவர்டைப் பின்பற்றிய அதிகாரிகள் இரண்டையும் ஒன்றெனவே கருதினர். நெரிசலைப் போக்க வேண்டுமாயின் ஏக்கருக்கு இத்தனை பேர் என்று குறைத்துவிட வேண்டும் என்று கணக்கிட்டனர். 1958இல் ஒப்புதல் பெற்ற முதல் பெருந்திட்டம் அத்தகையதே. நகரைச் சுற்றிப் பசுமை வளையம், அதற்கப்பால் சிறிய புது ஊர்கள் என்று இங்கிலாந்துக்குத் தகுந்தவாறு வரைந்திருந்தனர். தீவின் மொத்தப் பரப்பே அப்போது 581 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் பசுமை வளையம் போடலாம். ஆண்டுதோறும் பிறந்த குழந்தைகளை எங்கே வைப்பது?

1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் டிரஸ்டுக்குப் பதிலாக வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. லிம் கிம் சான் என்னும் வணிகர் தலைவரானார். அவர் கட்டடக் கலைஞர் அல்லர், ஊதியமும் பெறவில்லை. கழகத்தின் முதற் கொள்கை மிகவும் எளியது. அழகு பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது எண்ணிக்கை வேண்டும். ஓரறை வீட்டுக்கு மாத வாடகை 20 வெள்ளி, ஈரறை 40, மூவறை 60. ஐந்து ஆண்டுகளில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. டிரஸ்ட் 32 ஆண்டுகளில் கட்டியதைப் போல் இருமடங்குக்கும் மேல்.

இத்தனை வேகத்துக்கு ஒரு நெருப்பும் காரணம். 1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. அன்று பிற்பகல் புக்கிட் ஹோ சுவீ என்னும் கம்பத்தில் தீப்பிடித்தது. ஓலைக்கூரையிலிருந்து ஓலைக்கூரைக்குத் தாவிய தீ, 2,800 வீடுகளை எரித்தது. ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். இறந்தவர் நால்வர் என்பது ஒன்றே ஆறுதல். எரிந்த நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது; சில ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் அடுக்கு மாடிகள் எழுந்தன. அரசாங்கமே தீயை மூட்டிவிட்டது என்ற வதந்தி நெடுங்காலம் அடங்கவில்லை. அதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. எனினும் அப்படியொரு வதந்தியை மக்கள் நம்பியதே, கம்பத்தை விட்டுப் போக அவர்களுக்கு எவ்வளவு மனமில்லை என்பதைக் காட்டுகிறது.

அடுத்து 1963இல் ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய மூன்று வல்லுநர்கள் வந்தனர். சார்லஸ் ஏப்ரம்ஸ், சுசுமு கோபே, ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்போர். இவர்களுள் மூன்றாமவர் நமக்கும் அறிமுகமானவரே. இட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி, மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஒரிசாவின் புதிய தலைநகராகிய புவனேசுவரத்துக்குத் திட்டம் வரைந்தவர். இவர்கள் மூவரும் சிங்கப்பூருக்குக் கொடுத்த யோசனை வளைய நகரம் என்பது. பழைய நகரத்திலிருந்து எண்ணெய்க் கறைபோல் ஊர் படர்ந்துகொண்டே போக விடாமல், தீவின் ஓரமாக நெருக்கமான புது ஊர்களை மாலை கோத்தாற்போல் அமைப்பது. நடுவே உள்ள காட்டையும் நீர்த்தேக்கங்களையும் தொடாமல் விட்டுவிடுவது. 1971ஆம் ஆண்டின் பெருந்திட்டம் இந்த யோசனையைத் தழுவியே எழுந்தது.

நடுவே என்ன இருந்தது, அதை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். இருந்தது தண்ணீர். 1868இல் முடிவுற்ற முதல் நீர்த்தேக்கம் பின்னர் மக்ரிச்சி என்ற பொறியாளரின் பெயரைப் பெற்றது. அதைச் சுற்றிய காட்டை வெட்டினால் மண் அரித்து ஏரி தூர்ந்துவிடும் என்பதால் காடும் காப்பாற்றப்பட்டது. ஆனால் ஊர் பெருகவே அந்நீர் போதவில்லை. எதிர்க்கரையிலுள்ள ஜொகூரிலிருந்து குழாய் மூலம் நீர் வாங்கினர். 1942இல் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது அக்குழாய் துண்டிக்கப்பட்டது. நகரத்து நீர்த்தேக்கங்களும் அவர்கள் கையில் சிக்கின. சரணாகதிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 1963இல் மழை பொய்த்தபோது மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. இவ்வாறு இருமுறை தாகத்தால் அடிபட்ட ஊர், தன் தலைக்கு மேல் விழும் மழையைக் கடலுக்கு விடுவதற்கு அஞ்சியதில் வியப்பில்லை.

மழை பெய்வதற்கு வானம் போதும். பெய்த மழையைத் தேக்குவதற்கு நிலம் வேண்டும். பதினைந்து லட்சம் மக்களும் தனித்தனி வீடும் தோட்டமுமாகத் தீவெங்கும் பரவியிருந்தால், அந்த நடுக்காடு எப்போதோ மனைகளாக அளக்கப்பட்டிருக்கும். மக்களை அடுக்கியதனால் நிலம் மிஞ்சியது. நிலம் மிஞ்சியதனால் காடும் ஏரியும் மிஞ்சின. இது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கும் உண்டு. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தால், அந்த நூறு வீட்டுக்கும் தெருவிலிருந்து வருவது ஒரே தண்ணீர்க் குழாய், போவது ஒரே கழிவுநீர்க் குழாய். அதே நூறு குடும்பங்கள் மைல் கணக்கில் பரந்திருந்தால் குழாயும் மைல் கணக்கில் வேண்டும். ஏழை நாடு ஒன்று தன் மக்கள் அனைவருக்கும் மண்ணுக்கடியில் சாக்கடை போட்டுக் கொடுத்தது எவ்வாறு என்று கேட்டால், விடையில் பாதி இங்கே இருக்கிறது.

மற்றப் பாதி எளிதாக வந்ததன்று. சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் 1970களில் கறுத்து நாறிக்கொண்டிருந்தன. கரையோரத்துப் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் குடிசைகளும் தெருவோர உணவுக் கடைகளும் தம் கழிவையெல்லாம் ஆற்றிலேயே விட்டன. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்து ஆண்டு தவணை கொடுத்தார். அறுநூறுக்கு மேற்பட்ட பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. பல்லாயிரம் குடும்பங்கள் மாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. உணவுக் கடைக்காரர்களுக்குக் குழாயும் சாக்கடையும் உள்ள அங்காடி நிலையங்கள் கட்டித் தரப்பட்டன. 1987இல் ஆறு தெளிந்தது. அதே 1987ஆம் ஆண்டு ஜனவரியில், நாம் எடுப்புக் கக்கூசு என்று வழங்கிய வாளிக் கழிவறையும் அத்தீவில் முடிவுக்கு வந்தது. சிம்சன் அறிக்கைக்கு எண்பது ஆண்டுகள் கழித்து! மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு என்று முற்றும் பிரிக்கப்பட்ட பிறகே, வீதியில் விழுந்த மழையையும் பிடித்துக் குடிநீராக்கலாம் என்ற துணிவு பிறந்தது. 2008இல் ஆற்று முகத்துவாரத்தில் மரினா அணை கட்டப்பட்டது. அதன் பின்னர் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாகிவிட்டது. மக்கள் வாழும் மாடிகளின் கூரையும் அதில் அடக்கம். கழிவுநீரையே தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தும் ஆலைகள் 2003 முதல் இயங்குகின்றன.

போக்குவரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாடிகளை அடுக்கிவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மோட்டார் காரையும் கொடுத்துவிட்டால், நெருக்கம் மீண்டும் நெரிசலாகிவிடும், இம்முறை தெருவில். 1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் முதல், காலை வேளையில் நகரின் நடுப்பகுதிக்குள் கார் நுழைய நாளொன்றுக்கு 3 வெள்ளி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று விதித்தனர். நால்வர் சேர்ந்து வந்தால் கட்டணம் இல்லை. இவ்வகைத் திட்டத்தில் உலகில் இதுவே முதலாவது. பிறகு ரயில் வேண்டுமா, பேருந்தே போதுமா என்று பெரிய வாதம் நடந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த குழு ஒன்று பேருந்தே போதும் என்றது. இறுதியில் ரயில் கட்சி வென்றது. 1987 நவம்பர் 7இல் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களுக்கு முதல் ரயில் ஓடியது. ஒரு ரயில் பாதையை அமைக்க ஆகும் செலவு அதில் ஆயிரம் பேர் போனாலும் ஒன்றுதான், லட்சம் பேர் போனாலும் ஒன்றுதான். நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவுக்குள் பல்லாயிரம் பேர் வாழும் ஊரிலேயே அது தன் செலவைத் தாங்கும். ஏறக்குறைய இதே காரணத்தால்தான் மளிகைக் கடையும் பள்ளியும் மருத்துவரும் அங்கே நடை தூரத்தில் இருக்கின்றனர். 2018இல் கார்களின் மொத்த எண்ணிக்கையே உயரக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் சிற்றப்பாவின் மகன் அழைப்பின் பேரில் நான் அங்கே சென்று, டாங்லின் ஹால்ட் என்ற பகுதியில் பத்து நாள் தங்கினேன். 1960களின் தொடக்கத்தில் கட்டிய பத்து மாடிக் கட்டடங்கள் அவை. சமையலறைச் சாளரத்துக்கு வெளியே குழல்கள் பொருத்தி, அவற்றில் மூங்கிற்கழிகளைச் செருகித் துணி உலர்த்துகிறார்கள். கொடிகளைப் போல் அவை காற்றில் ஆடுவதைக் கண்டு சிலர் முகம் சுளிக்கலாம். வெயில் இலவசம், மின்சாரம் இலவசமன்று என்பதை அறிந்த இல்லத்தரசிகளின் ஏற்பாடு அது. வீட்டின் இருபுறமும் சாளரம். காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் போகிறது. நான் தங்கிய வீட்டுக்கு அடுத்த வீட்டு முதியவர் தாழ்வாரத்தில் ஐந்தாறு தொட்டிகளில் கறிவேப்பிலையும் துளசியும் வைத்திருந்தார். சிறுவயதில் கம்பத்தில் வாழ்ந்தவர். அந்த வாழ்க்கை எப்படியிருந்தது என்று கேட்டேன்.

"மழை வந்தால் பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு விடியும்வரை நிற்போம், தம்பி. ஆனால் எங்கள் வீட்டில் நாற்பது கோழி இருந்தது" என்றார்.

இரண்டையும் ஒரே மூச்சில் கூறினார். நான் அவரிடம் எது மேல் என்று கேட்கவில்லை.

அவர் கூறாமல் விட்டவற்றையும் கூறுவது வரலாறு எழுதுவோன் கடமை. 1966ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி பொதுக் காரியத்துக்காக எந்த நிலத்தையும் அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம். 1973இல் அச்சட்டத்தைத் திருத்தி, இழப்பீட்டை அவ்வாண்டு விலைக்குக் கட்டிப் போட்டனர். பல ஆண்டுகள் கழித்து நிலம் எடுக்கப்பட்டவனுக்கும் பழைய விலையே. சந்தை விலை முழுவதும் கொடுப்பது 2007இல்தான் மீண்டது. 1960இல் தீவின் நிலத்தில் ஏறத்தாழ 44 விழுக்காடு அரசுடையது. 1985இல் 76 விழுக்காடு. நிலச்சுவான்தார்கள் இழந்ததை எண்ணி நான் கண்ணீர் விடவில்லை. ஆனால் நான்கு ஏக்கரில் கீரை பயிரிட்ட சீனக் குடியானவனும், பன்றி வளர்த்தவனும், ஆட்டுப் பட்டி வைத்திருந்த நம்மவரும் பிழைப்பையே இழந்து எட்டாம் மாடியில் சும்மா உட்கார நேர்ந்ததை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. தொடக்கக் கட்டடங்களில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. மூட்டு வலியுள்ள கிழவிக்கு இரண்டு மாடி இறங்குவதே ஒரு யாத்திரை. இக்குறை நீங்க 2001ஆம் ஆண்டுக்குப் பிறகே வழி பிறந்தது.

இறந்தவர்களும் இடம் கொடுத்தனர். பீஷான் என்னும் இன்றைய ஊர் முன்பு கான்டனீஸ் மக்களின் பெரிய இடுகாடு. பிடாடரியில் கிறித்தவர், முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகிய முத்திறத்தார் கல்லறைகளும் இருந்தன. அவற்றைத் தோண்டியெடுத்து அகற்றிய பின் அங்கேயும் வீடுகள் எழுந்துள்ளன. 1998 முதல் புதைக்கப்படும் எவருக்கும் பதினைந்து ஆண்டுகளே இடம் உண்டு. அதன் பிறகு எலும்பைத் தோண்டியெடுத்து எரிப்பர். எரிக்கலாகாது என்னும் சமயத்தினருக்கு ஒரே குழியில் பலரைச் சேர்ப்பர். இடப் பஞ்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பலவகை இனத்தாரும் கலந்து வாழ வேண்டும் என்று 1989இல் ஒரு விதி வந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர் இத்தனை பங்கு, மலாய்க்காரர் இத்தனை, இந்தியர் இத்தனை என்று மேல்வரம்பு. இனத்துக்கோர் சேரி உருவாகாமல் இது காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழ்க் குடும்பம் ஒன்று தன் வீட்டை விற்க முற்படும்போது, அக்கட்டடத்தில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால் வாங்குவோர் சிலரே கிடைப்பர், விலையும் குறையும். கலந்து வாழ்வதன் செலவைச் சிறுபான்மையோர் சற்று மிகுதியாகவே கொடுத்தனர். இதனைச் சரிசெய்ய 2022இல்தான் அரசாங்கம் ஓரளவு வழி செய்தது. மறுபுறம், கட்டடங்களின் தரைத்தளத்தைத் தூண்களோடு வெறுமனே விட்டிருக்கிறார்களே, அங்கே ஒரு சனிக்கிழமை மலாய்க்காரர் திருமணமும், அதே வாரத்தில் சீனர் ஒருவரின் இழவுச் சடங்கும் நடந்ததை நான் கண்டேன். எவரும் எவரையும் விலகிப் போகச் சொல்லவில்லை.

நெருக்கமாக வாழ்ந்தால் இயற்கை தானே பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பதும் தவறு. 1980களில் ஒரு விரைவுச் சாலை நடுக்காட்டை இரண்டாக அறுத்துச் சென்றது. புக்கிட் தீமா மலைக்காடு தனித்து நின்றது. விலங்குகள் கடப்பதற்கென்று அதன்மேல் மரங்கள் நட்ட பாலம் 2013இல்தான் முடிந்தது. கீழ்ப் பியர்ஸ் நீர்த்தேக்கத்தருகே காட்டை வெட்டிக் கால்ஃப் மைதானம் போடும் யோசனை ஒன்றும் எழுந்தது. இயற்கை ஆர்வலர்கள் 1992இல் அங்கே நுழைந்து பறவையையும் செடியையும் கணக்கெடுத்து அறிக்கை வெளியிட்ட பிறகே அது கைவிடப்பட்டது. ஏழைகளை மாடியேற்றி மிச்சப்படுத்திய நிலத்தில் செல்வர் பந்தாடுவது முறையா என்று கேட்க அன்று சிலர் இருந்தனர். இல்லாவிட்டால் காடு போயிருக்கும். அன்றியும், அந்நகரம் உண்ணும் உணவில் மிகப் பெரும்பகுதி கடல் கடந்து வருவது. விளக்கெரிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வாங்கிய எரிவாயுவால் ஆவது. குப்பையை எரித்த சாம்பலைக் கொட்டுவதற்கென 1999இல் செமக்காவ் என்ற தீவுப் பகுதியைத் திறந்தனர். அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அவர்களே கணக்கிட்டுள்ளனர்.

இவற்றையெல்லாம் கேட்ட நேயர்களில் சிலர், இது அடர்த்தி மிகுந்த வெளிநாட்டு நகரம் ஒன்றின் கதை, நம் ஊருக்கு என்ன என்று எண்ணலாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000க்கும் மேற்பட்ட மக்கள். சிங்கப்பூரில் காடு, ஏரி, விமான நிலையம் யாவும் சேர்த்துக் கணக்கிட்டால் இன்று ஏறத்தாழ 8,000. நெருக்கத்தில் நாம் அவர்களுக்குப் பின்தங்கியவர்கள் அல்லர். நாம் நெருங்கியும் வாழ்ந்தோம், ஏரிகளையும் மனைகளாக்கினோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நம் கண்ணெதிரே சுருங்கியது. 2015இல் வெள்ளத்தில் நின்ற அதே நகரம் 2019இல் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றதை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள்.

டாங்லின் ஹால்ட் கட்டடங்களை இடித்துவிட்டு இன்னும் உயரமாகக் கட்டப் போவதாக 2014இலேயே அறிவிப்பு வந்திருந்தது. அங்குள்ளோர்க்கு அருகிலேயே புதிய வீடுகள் ஒதுக்கப்பட்டன. நான் விடைபெற்ற அன்று அடுத்த வீட்டு முதியவர் தம் புதிய வீட்டின் வரைபடத்தை என்னிடம் காட்டினார். பழைய வீட்டைவிட மாடி உயரம். அறைகளும் நன்றாக இருந்தன. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதில் ஒன்றையே தேடிக்கொண்டிருந்தார். தொட்டி வைப்பதற்குத் தாழ்வாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று என் தம்பியைக் கேட்டார். அவன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நேரில் போய்ப் பார்ப்போம், அண்ணே என்றான்.